சூளை நெருப்பில் பிறந்த சயின்ஸ்! பீங்கான் நகரத்து இயற்பியல் மன்றங்கள் விழித்துக்கொள்ளுமா?

விருத்தாசலம்:

சூளையைத் திறக்காமலேயே சின்ன ஓட்டை வழியாக ஒரே ஒரு பார்வை. "இன்னும் வேகலை. ரெண்டு மணி நேரம் போகட்டும்" என்று சொல்லிவிடுவார் அனுபவசாலியான தொழிலாளி. உள்ளே எரியும் நிறம்தான் அவருக்கு தெர்மாமீட்டர்.

பீங்கான் நகரம் என்று பெயர் வாங்கிய விருத்தாசலத்தில் பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃபியூஸ் கட்டை என்று எத்தனையோ பொருட்கள் இப்படி கண் கணக்கில் வெந்து வந்தவைதான். இப்போது சூட்டைக் காட்டும் மீட்டர்கள் வந்துவிட்டன. ஆனாலும் பழைய ஆட்களின் கண் கணக்குக்கு தனி மரியாதை உண்டு.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? சூடு ஏற ஏற நெருப்பின் நிறம் ஏன் மாறுகிறது என்று விடை தேடப் போய்த்தான், 1900-ம் ஆண்டு குவாண்டம் இயற்பியல் என்ற புது சயின்சே பிறந்தது. 2025-ம் ஆண்டை சர்வதேச குவாண்டம் ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்தது. தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ரூ.6 ஆயிரத்து 3 கோடியே 65 லட்சம் செலவிட, மத்திய மந்திரிசபை 2023-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி ஒப்புதல் கொடுத்தது. 2030-31 வரை ஓடும் திட்டம் இது.

ஆனால் அதே சூளை எரியும் ஊரில் பிசிக்ஸ் படிக்கிற பையனுக்கும் பொண்ணுக்கும் இந்த சங்கதி போய்ச் சேர்ந்ததா? சேர்க்க வேண்டிய வேலை கல்லூரிகளில் உள்ள இயற்பியல் மாணவர் மன்றங்களுடையது. அந்த மன்றங்கள் என்ன செய்கின்றன, என்ன செய்ய முடியும் என்பது பற்றிய ஓர் அலசல் இது:

சால்வை, போட்டோ, அவ்வளவுதான்!

'பிசிக்ஸ் அசோசியேஷன்' என்று பெரும்பாலான கல்லூரிகளில் ஒன்று இருக்கும். ஆண்டு தொடக்கத்தில் ஒரு துவக்க விழா. சிறப்பு விருந்தினருக்கு சால்வை. பிப்ரவரி 28-ந் தேதி தேசிய அறிவியல் தினம். அன்றைக்கு ஒரு வினாடி-வினா, ஒரு பேச்சுப் போட்டி, கடைசியில் குரூப் போட்டோ. அதோடு அடுத்த வருஷம்தான்.

1928-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டதைக் கொண்டாடுகிற நாள் அது. 1987 முதல் நாடு முழுவதும் நடக்கிறது. திருச்சி பக்கம் திருவானைக்காவலில் பிறந்த சர்.சி.வி.ராமனுக்கு 1930-ல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த கண்டுபிடிப்பு. அதைக் கொண்டாடுவதில் தப்பே இல்லை. ஆனால் மீதி 364 நாள்?

மாணவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சுற்றுவட்டார கிராமங்களில் இருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள்தான் அதிகம். வகுப்பு முடிந்ததும் பஸ்சை விட்டால் அடுத்த பஸ்சுக்கு காத்துக் கிடக்க வேண்டும். சாயந்திரம் கடையில் வேலை பார்த்து வீட்டுக்கு காசு கொடுக்கிற பையன்கள் உண்டு. "இருட்டுறதுக்குள்ள வீடு வந்து சேரும்மா" என்று சொல்லி அனுப்பப்படுகிற பொண்ணுகள் உண்டு. இவர்களிடம் போய், 'மாலை 5 மணிக்கு மன்றக் கூட்டம்' என்றால் யார் நிற்பார்கள்?

காலியாக கிடக்கும் பெஞ்சுகள்

இதில் இன்னொரு பெரிய சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் கலை-அறிவியல் கல்லூரிகளில் பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு அடிதடி. இயற்பியல், கணிதம் பக்கம் இடங்கள் நிரம்பாமல் கிடப்பது சில ஆண்டுகளாகவே செய்தியாக வந்துகொண்டிருக்கிறது. பிளஸ்-2வில் கணக்கும் பிசிக்சும் படித்தவர்களை என்ஜினீயரிங் கல்லூரிகள் அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன.

"பிசிக்ஸ் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" இதுதான் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி. கூலி வேலை பார்த்து பிள்ளையை படிக்க வைக்கிற அப்பா-அம்மா கேட்கத்தான் செய்வார்கள். அது நியாயமான கேள்வியும்கூட.

2022-ல் புதுமைப்பெண், 2024-ல் தமிழ்ப்புதல்வன் என்று அரசுப் பள்ளியில் படித்து கல்லூரிக்கு வந்தவர்களுக்கு மாதம் ரூ.1000 கொடுக்கும் திட்டங்கள் வந்தன. வீட்டின் முதல் பட்டதாரிகள் கல்லூரி வாசலை மிதிக்க இது கை கொடுத்தது. ஆனால் உள்ளே வந்தவர்களுக்கு பாடத்தின் மேல் பிடிப்பு வர வேண்டுமே! தமிழ் வழியில் படித்து வந்தவர் முதல் நாள் வகுப்பிலேயே இங்கிலீஷ் வார்த்தைகளைக் கேட்டு மிரண்டு போகிறார். வாய் திறந்து கேட்க வெட்கம். அந்த வெட்கத்தை உடைக்கிற இடம்தான் மாணவர் மன்றம்.

சாப்பாட்டு நேரத்தில் நடந்த அதிசயம்

மன்றம் நடத்த காசு வேண்டும், ஹால் வேண்டும், மைக் செட் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு பழைய கதை ஒன்று பதில் சொல்கிறது.

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு பக்கத்துக்காரர் கே.எஸ்.கிருஷ்ணன். ராமனோடு சேர்ந்து ராமன் விளைவு ஆராய்ச்சியில் உழைத்தவர். 1920-ல் கல்கத்தாவுக்குப் போவதற்கு முன்பு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை உதவியாளராக இருந்தார். அங்கே மதிய சாப்பாட்டு நேரத்தில் மாணவர்களோடு சும்மா உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். பிசிக்சோ, கெமிஸ்ட்ரியோ, கணக்கோ, யார் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கொஞ்ச நாளில் பக்கத்து கல்லூரி பையன்களும் வர ஆரம்பித்துவிட்டார்கள்!

செலவு எவ்வளவு? ஒரு பைசா கிடையாது. பஸ்சை விடுகிற பயமும் இல்லை. விருத்தாசலம் மாதிரி ஊருக்கு இதைவிட பொருத்தமான வழி எது?

மாணவர் கூட்டிப்போன விருந்தாளி

அடுத்தது 1929-ம் ஆண்டு அக்டோபர் மாதம். ஜெர்மனியின் இளம் விஞ்ஞானி ஹைசன்பர்க் சென்னைக்கு வந்தார். அவருக்கு அப்போது வயது 27. குவாண்டம் இயற்பியலை உலகத்துக்கே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். 1932-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு பின்னால் அவருக்குக் கிடைத்தது.

அவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டியவர் யார் தெரியுமா? மாநிலக் கல்லூரி மாணவர் எஸ்.சந்திரசேகர். 19 வயதைத் தொட்டுக்கொண்டிருந்த பையன். புத்தகத்தில் படித்த ஆளோடு நேருக்கு நேர் பேச அவருக்கு வாய்ப்பு கிடைத்தது. அடுத்த ஆண்டே அவர் இங்கிலாந்துக்கு கப்பல் ஏறினார். நட்சத்திரங்கள் எப்படி சாகின்றன என்ற கணக்கை கப்பலிலேயே போட்டுப் பார்த்தார். அந்த ஆராய்ச்சிக்கு 1983-ல் நோபல் பரிசு வந்தது.

விருந்தாளிக்கு சால்வை போர்த்தி அனுப்பிவிடாமல், மாணவரை அவரோடு பேச விட்டார்கள். மன்றம் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

மூன்றாவது கதை 1960 ஜனவரி. அணுவின் அமைப்பை விளக்கி 1922-ல் நோபல் பரிசு வாங்கிய நீல்ஸ் போர் சென்னை வந்தார். அப்போது மயிலாப்பூரில் பேராசிரியர் அல்லாடி ராமகிருஷ்ணன் தன் வீட்டிலேயே மாணவர்களை உட்கார வைத்து இயற்பியல் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன கூட்டத்தைப் பார்த்து போர் அசந்துபோனார். வெளியிலும் பாராட்டிப் பேசினார். 1962-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்றைக்கு சென்னை தரமணியில் இருப்பது அதுதான். ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்த மாணவர் கூட்டம் ஒரு நிறுவனமாகவே வளர்ந்துவிட்டது.

சூளைக்கும் குவாண்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

மேலே சொன்னதெல்லாம் சென்னைக் கதை. விருத்தாசலத்துக்கு என்ன இருக்கிறது? சென்னையில் இல்லாத ஒன்று இருக்கிறது. சூளை!

இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்று ஒரு பீங்கான் தொழிலதிபர் இருந்தார். சூளையின் சூட்டை அளக்க 1782-ல் ஒரு கருவி செய்தார். களிமண் துண்டு சூட்டில் எவ்வளவு சுருங்குகிறது என்பதை வைத்து அளக்கும் கருவி. அதற்காக அடுத்த ஆண்டே அந்த நாட்டின் பெரிய அறிவியல் சபையான ராயல் சொசைட்டியில் இடம் கிடைத்தது. அவருடைய மகன் தாமஸ் வெட்ஜ்வுட் 1792-ல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். இரும்பாக இருந்தாலும் சரி, மண்ணாக இருந்தாலும் சரி, ஒரே சூட்டில்தான் சிவக்க ஆரம்பிக்கிறது.

பொருள் எதுவானாலும் நிறம் ஒன்று. ஏன்? நூறு ஆண்டுக்கு மேல் யாருக்கும் விடை தெரியவில்லை. சின்ன ஓட்டை போட்ட சூடான பெட்டியை வைத்து பெர்லினில் ஆராய்ந்தார்கள். அதுவும் ஒரு குட்டிச் சூளைதான். 1900-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி மாக்ஸ் பிளாங்க் விடை சொன்னார். சூடான பொருள் ஒளியின் ஆற்றலை தண்ணீர் மாதிரி தொடர்ச்சியாக விடுவதில்லை, பொட்டலம் பொட்டலமாகத்தான் விடுகிறது என்பது அவர் கணக்கு.

புரியும்படி சொன்னால், சிவப்பு ஒளிப் பொட்டலம் விலை மலிவு. நீலப் பொட்டலம் விலை ஜாஸ்தி. சூளையில் சூடு குறைவாக இருந்தால் கையில் காசு குறைவு என்று அர்த்தம். மலிவான சிவப்பைத்தான் வாங்க முடியும். சூடு ஏற ஏற மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் வாங்குகிற வசதி வருகிறது. எல்லாம் கலந்து வெள்ளையை நெருங்குகிறது. அதனால்தான் சுமார் 700 டிகிரியில் மங்கின சிவப்பு, 1,000 டிகிரியில் ஆரஞ்சு, 1,200 டிகிரி தாண்டினால் மஞ்சள், 1,300-க்கு மேல் வெள்ளை பூத்த மாதிரி தெரிகிறது.

தொழிலாளி கண்ணால் படித்ததும், பிளாங்க் காகிதத்தில் எழுதியதும் ஒரே பாடம்தான்! இந்தப் பாடத்தை வகுப்பறை போர்டில் படிப்பதற்கும், சூளை முன்னால் நின்று ஒரு மேஸ்திரி வாயால் கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

573 டிகிரி கண்டம்

பானையோ பொம்மையோ அவசரமாக சூடேற்றினாலும், அவசரமாக ஆற வைத்தாலும் விரிசல் விடும். "ஆறுறதுக்குள்ள திறந்தா போச்சு" என்பது சூளைக்காரர்கள் அறிந்த விஷயம். இதற்கும் பிசிக்சில் காரணம் இருக்கிறது. மண்ணில் கலந்துள்ள குவார்ட்ஸ் என்ற கல், 573 டிகிரியைத் தாண்டும்போது தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது. சூடேறும்போது திடீரென விரிகிறது. ஆறும்போது திடீரென சுருங்குகிறது. பொருளின் ஒரு பக்கம் அந்தச் சூட்டைத் தாண்டி, மறுபக்கம் தாண்டாமல் இருந்தால் கீறல்தான்.

உடைகிற ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவரின் உழைப்பு. எந்த அடுக்கில் எத்தனை உடைந்தது, எந்த சூட்டில் எவ்வளவு நேரம் வைத்தார்கள் என்று மாணவர் மன்றம் ஒரு நோட்டில் குறித்துக் கொடுத்தாலே போதும். முதலாளிக்கு சரக்கு மிச்சம். மாணவருக்கு நிஜமான புராஜெக்ட்.

அடுப்படியில் இருக்கிறது இன்னொரு அதிசயம். கேஸ் லைட்டரை அழுத்தினால் 'டிக்' என்று பொறி வருகிறதே, உள்ளே பேட்டரியா இருக்கிறது? இல்லை. ஒரு சின்ன பீங்கான் துண்டு. தட்டினால் மின்சாரம் தரும் விசேஷ பீங்கான். அழுத்தினால் சில படிகங்களில் மின்சாரம் வரும் என்பதை 1880-ல் பிரான்சில் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள்.

மின்சாரத்தைத் தடுக்கத்தான் பீங்கான் என்று கரண்ட் கம்பத்து இன்சுலேட்டரைப் பார்த்து நினைத்திருப்போம். 1986-ல் சுவிட்சர்லாந்தில் பெட்நோர்ஸ், முல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள், கடும் குளிரில் வைத்தால் மின்சாரத்தை கொஞ்சம்கூட தடுக்காத பீங்கானைக் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டே நோபல் பரிசு! விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசு நிறுவனமும் இருக்கிறது, கொளஞ்சியப்பர் பெயரில் அரசு கலைக் கல்லூரியும் இருக்கிறது. இரண்டு பக்கத்து மாணவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேச எத்தனையோ விஷயம் கிடக்கிறது.

தொழிலாளிக்கு என்ன லாபம்?

'பசங்க வந்து வேடிக்கை பாத்துட்டு போவாங்க, நமக்கென்ன?' என்று தொழிலாளி கேட்கலாம். அவருக்குத்தான் முக்கியமான லாபம் இருக்கிறது. அது உயிர் சம்பந்தப்பட்டது.

பீங்கான் பட்டறையில் பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசி சீக்கிரம் கீழே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் ஆபத்து. ஒரு மில்லி மீட்டரை 500 பங்காகப் போட்டால் ஒரு பங்கு அளவே உள்ள தூசி, காற்று அசையாத அறையில்கூட ஆள் உயரத்தில் இருந்து தரைக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது பிசிக்ஸ் மாணவர் பேப்பரில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. அந்த நேரம் முழுக்க தொழிலாளி அதைத்தான் சுவாசிக்கிறார். பல வருஷம் உள்ளே போனால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். வந்தால் குணப்படுத்த முடியாது. சட்டப்படி அறிவிக்கை செய்யப்பட்ட தொழில் நோய் அது.

தடுக்க முடியுமா? முடியும். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. பெருக்கினால் தூசி மறுபடி எழும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தூசி கிளம்புகிற இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் வசதி வேண்டும். சும்மா கைக்குட்டை கட்டினால் போதாது, நுண்தூசியை தடுக்கும் முகக்கவசம் வேண்டும். இருட்டான பட்டறையில் டார்ச் அடித்துக் காட்டினால், வெளிச்சத்தில் தூசி மினுமினுவென்று மிதப்பதை எல்லோரும் பார்க்கலாம். மாணவர் மன்றம் ஒரே ஒரு நாள் இதைச் செய்து காட்டட்டும். ஆயிரம் போஸ்டருக்கு சமம்.

சூளை ஓட்டை வழியாக வெறும் கண்ணால் பார்ப்பதும் அப்படித்தான். வெளிச்சத்தோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரும் வருகிறது. கண்ணாடி ஊதும் தொழிலாளிகளுக்கு இதனால் கண்புரை வந்தது மருத்துவ உலகம் அறிந்த கதை. அதைத் தடுக்கிற தனி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பதே பாதுகாப்பு.

நிழல் காணாமல் போகும் நாள்

சூளைக்குப் போக அனுமதி கிடைக்கவில்லையா? பஸ் நிலையத்துக்கே வரலாம். ஆண்டுக்கு இரண்டு நாள் விருத்தாசலத்தில் நட்ட கம்புக்கு நிழலே விழாது. ஏப்ரல் 20-ந் தேதியை ஒட்டி ஒரு தடவை. ஆகஸ்டு 22-ந் தேதியை ஒட்டி ஒரு தடவை. பகல் 12 மணி தாண்டி சுமார் கால் மணி நேரத்தில், சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும்.

ஒரு கம்பு, ஒரு சாக்பீஸ் போதும். டீக்கடைக்கு வந்தவர், பூ விற்கிற அம்மா, ஆட்டோ டிரைவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் கூடிவிடுவார்கள். "எங்கப்பா போச்சு நிழலு?" என்று ஒருவர் கேட்டால் போதும். அதற்கு தமிழில் பதில் சொல்லிப் பழகுகிற மாணவர் அப்புறம் எந்த இன்டர்வியூவுக்கும் பயப்பட மாட்டார்.

அமெரிக்காவில் 1968 முதல் இயங்கும் இயற்பியல் மாணவர் சங்கம், இப்படி பொதுமக்களிடமும் பள்ளிகளிடமும் போகும் கல்லூரி மன்றங்களுக்கு சின்னத் தொகை கொடுத்து ஊக்கப்படுத்துகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 'ஹொரைசன்' என்ற மாணவர் மன்றம் இயற்பியலையும் வானியலையும் கையில் எடுத்திருக்கிறது. விருத்தாசலத்து மாணவர்கள் அவர்களைவிட எதில் குறைந்தவர்கள்?

சரி, வேலை?

வீட்டில் கேட்ட கேள்விக்கு வருவோம். அதற்கும் மன்றம்தான் பதில் வைத்திருக்க வேண்டும். பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தவர் 'ஜாம்' என்ற நுழைவுத்தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். அணுசக்தி துறையின் பயிற்சிப் பணிகளுக்கு பிசிக்ஸ் பட்டதாரிகளும் தேர்வாகிறார்கள். 1984-ல் தொடங்கப்பட்ட இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம், பட்டப்படிப்பு மாணவர்களுக்கு என்றே தேசிய அளவில் தேர்வு நடத்துகிறது. பி.எட். படித்தால் ஆசிரியர் வேலைக்கு முயற்சி செய்யலாம்.

ஜனாதிபதியாக இருந்த அப்துல் கலாம் 1954-ல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்தவர். என்ன பாடம்? பிசிக்ஸ்தான். அதன் பிறகே சென்னை எம்.ஐ.டி.க்கு போய் விமானப் பொறியியல் படித்தார்.

இந்த வழிகள் எல்லாம் இருக்கின்றன என்பதே பல மாணவர்களுக்கு மூன்றாம் ஆண்டு முடியும்போதுதான் தெரிகிறது. அப்போது தெரிந்து என்ன பிரயோஜனம்? முதல் ஆண்டிலேயே, மதிய சாப்பாட்டு நேரத்தில், சீனியர் அண்ணனோ அக்காவோ உட்கார்ந்து சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோவிலில் மனக்குறையை காகிதத்தில் எழுதி பிராது கட்டுவது இந்த ஊர் வழக்கம். வெளியூர்க்காரர்களும் தேடி வந்து கட்டிவிட்டுப் போகிறார்கள். பிராது எழுதிப் பழகிய ஊருக்கு கேள்வி எழுதவா தெரியாது? கல்லூரி வாசலில் ஒரு கேள்விப் பெட்டி வைக்கட்டும். 'சூளையில எங்க சரக்கு மட்டும் ஏன் வெடிக்குது?' என்று ஒரு தொழிலாளி எழுதிப் போடட்டும். அந்தக் கேள்விக்கு விடை தேட எந்த மன்றம் முதலில் பட்டறைக்கு கிளம்புகிறதோ, விருத்தாசலத்தில் அதுதான் நிஜமான இயற்பியல் மன்றம்.